ஊஞ்சல் என அறிவிக்கப்பட்ட அடிபம்பு

எங்கள் பானாத் சமவெளியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அது பூமிக்கு அடியில் இருக்கிறது, நாம் மேலே இருக்கிறோம், அவ்வளவுதான் சிக்கல். ஆகவே எங்கள் தெருவில் நாங்கள் பதினொரு வீட்டுக்காரர்களும் காலங்காலமாக அவரவர் வீட்டு அடிபம்பை அடித்து அடித்து, வலது தோள் மட்டும் பெருத்துப்போய் வாழ்கிறோம்.

பன்னிரண்டாம் வீடு ரதோய்காவுடையது. கணவர் இல்லை. பிளம் மரத்து ஏணியிலிருந்து அவள் விழுந்து தோள்பட்டை உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கை மேலே போகவில்லை. தோட்டத்திலோ அறுநூறு குடைமிளகாய்ச் செடிகள், ஜூலை வெயில். அந்தச் செடிகள்தான் அவளுடைய குளிர்காலச் சோறு.

பக்கத்துத் தெரு மெக்கானிக் மிலுதின் வந்து பார்த்தார். பழைய கதிரடிக்கும் இயந்திரத்தின் இரும்புச் சக்கரம் ஒன்றை நீளக் கம்பியில் கட்டி, அவள் வீட்டுப் பம்புக் கைப்பிடியின் நுனியில் தொங்கவிட்டார். ரதோய்கா ஒரு விரலால் தள்ளினாள். சக்கரம் ஆடியது, கைப்பிடி தானாக ஏறி இறங்கியது, தண்ணீர் கொட்டியது. ஆட்டம் ஓயும்போது இன்னொரு தள்ளு. மற்ற கையில் காபிக் கோப்பை.

முதல் நாள் நாங்கள் கைதட்டினோம். இரண்டாம் நாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். மூன்றாம் நாள் அந்தக் காபிக் கோப்பையைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

அடுத்த வாரம் நகராட்சி ஆய்வாளர் ஸ்வெதோசார் வந்தார். எப்படி வந்தார் என்பதை இப்போது பேச வேண்டாம். சக்கரத்தை மூன்று முறை சுற்றிவந்து, சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"தொங்குது. ஆடுது. தள்ளினா போகுது, திரும்பி வருது. அம்மா, இது ஊஞ்சல்."

"இதுல யாருங்க ஐயா உக்காருவாங்க?"

"யாரும் உக்காரலைங்கறது வேற. உக்கார முடியுமா முடியாதான்னுதான் சட்டம் கேக்குது."

"தண்ணி வருதே ஐயா."

"ஊஞ்சல்ல தண்ணி வர்றது தனிக் குத்தம். அதை நான் எழுதல. உங்க கையைப் பாத்துட்டு விட்டுக்கொடுக்கறேன்."

ஊஞ்சல் என்றால் சுற்றுவேலி வேண்டும், கீழே மணல் மெத்தை வேண்டும், எந்த வயதுக் குழந்தைக்கு என்று பலகை வேண்டும். மேற்படி வசதிகள் செய்யப்படும் வரை மேற்படி பொருள் இயக்கத்துக்கு உகந்ததல்ல என்று கம்பி சுற்றி, சிவப்பு அரக்கு முத்திரை வைத்தார். சக்கரத்தோடு கைப்பிடியும் சேர்ந்து கட்டுண்டது. இனி பழையபடி அடிக்கவும் வழியில்லை. ரதோய்கா தெருக்கோடிப் பொதுக் கிணற்றிலிருந்து ஒற்றைக் கையால் வாளி சுமந்தாள். பாவம், ஒரு நாளைக்கு ஐம்பது செடிக்கு மேல் அவளால் முடியவில்லை.

இதற்குள் நகராட்சியில் புதுமை ஆண்டு பிறந்துவிட்டது. துணைத்தலைவர் வெளிநாட்டில் நான்கு நாள் பயிற்சி முடித்துவிட்டு, கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்து, வெள்ளைச் செருப்போடு திரும்பியிருந்தார். புதுமை எங்கே, புதுமை எங்கே என்று கேட்டார். யாரோ ஊஞ்சல் ஃபைலை நீட்டினார்கள். மிலுதினின் சக்கரத்தைப் பார்த்து, பளபளக்கும் எஃகில் இன்னொன்று செய்து, நகராட்சி வாசலில் நிறுத்தினார்கள். நாடா வெட்டினார்கள். அடியில் கிணறு இல்லையே என்று மிலுதின் கேட்டதற்கு, தண்ணீர் இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார் துணைத்தலைவர்.

நாங்களும் குடும்பத்தோடு போய் வரிசையில் நின்று தள்ளினோம். ரொம்ப லேசாக இருந்தது. தண்ணீரே வராததால் யாருக்கும் மனவருத்தமும் இல்லை.

செப்டம்பர் வந்தது. வருடா வருடம் ரதோய்காவின் மிளகாயை வாங்கித்தான் எங்கள் தெருவே முற்றத்தில் சுட்டு, தோலுரித்து, குளிர்காலத்துக்குப் பதம் பண்ணும். இந்த வருடம் அறுநூறில் நாற்பது செடிதான் நின்றது. எங்களுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இதென்ன அநியாயம் என்று பதினொரு வீட்டாரும் ரதோய்காவை முன்னால் விட்டு நகராட்சிக்குப் படையெடுத்தோம். முத்திரையை எடுக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று நான்தான் உரக்கச் சொன்னேன்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் பெண் ஊஞ்சல் ஃபைலைத் திறந்து, முதல் தாளை நிதானமாக வாசித்தாள். "நாங்கள் அனைவரும் உழைத்துத் தண்ணீர் இறைக்கும்போது, ஒருவர் மட்டும் ஒரு விரலால் இறைப்பது தெருவின் அமைதிக்குப் பங்கம் விளைவிப்பதால், உரிய நடவடிக்கை எடுக்கக் கோருகிறோம்." கீழே பதினொரு கையெழுத்து. மூன்றாவது என்னுடையது.

ரதோய்கா தாளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு அண்ணே. நான் பாத்ததே இல்ல."

எழுத்தர் பெண் பேனாவை நீட்டினாள். புகார் கொடுத்தவர்கள் பதினொரு பேரும் வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம், முத்திரையை இன்றைக்கே எடுத்துவிடலாமாம்.

முதலில் போடுபவன்தான் புகாரை எழுதியவன் என்று ஆகிவிடாதா? நான் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை என்றார். பேனா எங்கள் மத்தியில் இப்படியும் அப்படியுமாக மூன்று சுற்று போய்வந்தது.

மணி பத்து அடித்தது. காபி இடைவேளை என்று ஜன்னல் சாத்திக்கொண்டது. எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது.