பாட்டில் டாக்டரும் நிரம்பி வந்த பாட்டில்களும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அச்சுக் கோப்பவர் கோபப்படாமல் பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

விஷயத்தில் மட்டும் பிழை கிடையாது. அடுத்தவர் மூத்திரத்தை எங்கள் பாட்டில் டாக்டர் மதித்த அளவுக்கு மதித்த மனிதர் சிங்கப்பூரில் அவருக்கு முன்னும் இல்லை, இனிமேல் வரப்போவதும் இல்லை.

சீமையில் படித்துவிட்டு வந்தவர். ஐம்பதுகளின் கடைசியில் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் அவருக்கு ஓர் ஆராய்ச்சி அறை கொடுத்திருந்தார்கள். அங்கே பாட்டில் கழுவுவது என் வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில், "ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி வேலை" என்று சொல்லிவிட்டேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்டபோது தலை நிமிரவில்லை. அதை அடக்கம் என்று நினைத்துப் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆண்களுக்கு மூத்திரப்பையின் அடியில் ஜாதிக்காய் அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. வயதான காலத்தில் அதில் புற்றுநோய் வரும். ஆண் ஹார்மோன்தான் அந்த நோய்க்குத் தீனி. பெண் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் தீனி குறையும். எவ்வளவு குறைகிறது என்று மூத்திரத்தில் அளப்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. அதற்கு ஒரு நாள் முழுவதும் போவது ஒரு சொட்டு விடாமல் வேண்டும். ஆளுக்கொரு பெரிய பாட்டில் கொடுப்பார்.

அவருடைய பழைய காரில் முன்சீட்டு பாட்டில்களுக்கு, பின்சீட்டு மனைவிக்கு. கல்யாண விருந்தில் பாயசம் வரும் நேரம் பார்த்துப் பக்கத்து இலைப் பெரியவரிடம் ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறார் என்று விசாரிப்பார். சிராங்கூன் ரோட்டில் அவர் வருவது தெரிந்தால் அறுபது தாண்டியவர்கள் நகைக்கடைக்குள் நுழைந்து விலை கேட்பது போல நிற்பார்கள்.

மாத்திரை சாப்பிட்டவர்கள் மார்பு பெண்களுக்குப் போல வீங்கி வலிக்கிறது என்றார்கள். ஒரு மாதம் அந்த மாத்திரையை அவரே விழுங்கினார். சட்டை உரசினாலே முகம் சுளித்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க சார் இந்த வேலை?" என்று கேட்டேன்.

"வலிக்குதுன்னு சொல்றாங்கப்பா. எப்படி வலிக்குதுன்னு தெரியாம நான் என்னத்த ஆறுதல் சொல்றது?"

செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேலாயுதம் அண்ணனுக்கும் அதே நோய், அதே மாத்திரை. ஆனால் சோதனையில் அவருக்கு ஆண் ஹார்மோன் குறையவே இல்லை. மாத்திரை பலிக்காவிட்டால் அந்த ஹார்மோன் சுரக்கும் விதைகளையே எடுத்துவிடுவதுதான் வழி. ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அண்ணன் வீட்டில் சொல்லக்கூட வெட்கப்பட்டு, கடைக்குப் போகிறவர் போல வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியாக ஒரு தடவை தன் கண்ணெதிரிலேயே பிடித்து அளந்துவிட வேண்டும் என்று என்னையும் ஒரு காலிப் பாட்டிலையும் ஏற்றிக்கொண்டு செம்பவாங்குக்குப் போனார். அண்ணன் வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணன் எழுந்து கழிவறைக்குப் போனால் டாக்டரும் எழுந்து கதவு வரை போவார். அண்ணனின் மனைவி காப்பி கொண்டுவந்தபோது எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் விடிந்தபோது பாட்டிலில் பாதிகூட இல்லை. அண்ணன் தன் மருமகனை ஜாடையாகப் பார்த்தார். தடித்த அந்த வாலிபன் பாட்டிலை எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் நகர்ந்தான்.

"தம்பி, எங்க போறீங்க?" என்றார் டாக்டர்.

அண்ணன்தான் பதில் சொன்னார். "நீங்க அம்மாம் பெரிய பாட்டில் குடுத்துட்டீங்க. பாதியாத் திருப்பிக் குடுத்தா மரியாதையா இருக்காது லா. அதான் குறைஞ்சத எப்பவும் இவன் ரொப்பிடுவான்."

டாக்டர் சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அண்ணே, இந்தப் பாதி போதும்" என்றார்.

அண்ணனுடையதை மட்டும் அளந்தபோது மாத்திரை நன்றாகவே வேலை செய்திருந்தது தெரிந்தது. ஆபரேஷனை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அண்ணன் பேரனைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போவதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தவர் அண்ணன் ஒருவர் மட்டும்தானா? டாக்டர் மற்றவர்களையும் விசாரித்தார். ஒருவர் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருந்தார். இன்னொருவருக்குத் தம்பி உதவியிருந்தார். சிலர் சிரித்து மழுப்பினார்கள். எதை நம்புவது? சீமைக்கு அனுப்பத் தயாராக இருந்த கட்டுரையைக் கிழித்தார். ஐஸ்பெட்டியில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டச் சொன்னார். பல வருஷ உழைப்பு சாக்கடையில் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். இந்தத் தடவை சின்னப் பாட்டிலா நிறையக் குடுத்துருவோம்பா. எல்லாத்தையும் ரொப்பணும்னு யாருக்கும் தோணாது."

பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் நின்று பாட்டில் கழுவ ஆரம்பித்தார். சாயங்காலம் வரை கழுவினார். ஒன்றைக்கூட ஒழுங்காகக் கழுவவில்லை. அவர் வீட்டுக்குப் போன பிறகு அத்தனையையும் நான் மறுபடி கழுவி வைத்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுதியது: தைப்பூசத்துக்கு மறுநாள்.