ஆமென் சொன்னதும் எரியும் சிவப்பு விளக்கு

சேலையூர்,
14-8-2006

அன்புள்ள மச்சான் ஞானையாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கள் அக்கா யூனிஸும் சுகம். நீங்கள் எங்கள் தலையில் கட்டிய வேன் சுகமில்லை.

"பெட்ரோல்லயும் ஓடும், காஸ்லயும் ஓடும், உள்ளேயே கட்டில், அடுப்பு. அக்கா படுத்துக்கிட்டே ஊர் வந்து சேரலாம் அத்தான்" என்று போனில் தேனாகப் பேசினீர்கள். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளால் பஸ்ஸில் உட்காரவோ ரயிலில் ஏறி இறங்கவோ முடியவில்லை. ஊர்க் கோயில் பண்டிகையில் எல்லோரோடும் பந்தியில் இருந்து அசன விருந்துச் சோறு சாப்பிட்டு மூன்று வருடம் ஆகிறது என்று தினமும் ஏங்குகிறாள். அதற்காக மட்டும்தான் இந்த வேனை வாங்கினேன்.

முதல் நாளே அது என் வீட்டு வாசல் சரிவில் தானாக உருண்டு, எதிர்வீட்டு ராஜகோபாலன் சாரின் கேட்டில் முட்டியது. என்மேல் தவறில்லை, நான் அப்போது கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தேன். என் முறை உங்களுக்குத் தெரியும். ஸ்டார்ட் செய்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பயணத்துக்காக ஜெபித்து, ஆமென் சொல்லிக் கிளம்புவேன். மறுநாளிலிருந்து ஆமென் சொல்லி நகர்ந்ததுமே டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. கேம்ப் ரோடு தாண்டுவதற்குள் தீய்ந்த நாற்றம். குரோம்பேட்டையில் காஸ் கிட் மாட்டும் மைதீன் பிச்சையிடம் கொண்டுபோனால், "காஸ் லைன் சுத்தமா கீது சார், பெட்ரோல் பக்கம்தான் பேஜார்" என்கிறார். பெட்ரோல் மெக்கானிக் அசாரிடம் போனால் காஸைக் குறை சொல்கிறார். பிரேக் ஆயில் மாற்றியாயிற்று, பிரேக் ஷூ மாற்றியாயிற்று. அசார் தனியாக மாடம்பாக்கம் வரை ஓட்டிவிட்டு வந்து, "நான் ஓட்டினா லைட்டே வர்ல சார். நீங்க குந்தினாதான் வருது" என்கிறார். போதாததற்கு, "ஹேண்ட் பிரேக்க இழுத்துகினே ஓட்டுறீங்களா?" என்று வேறு கேட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உராய்வு விசையைப் பாடம் நடத்திய என்னிடம் இந்தக் கேள்வி. அந்த லீவரைக் குனிந்து பார்ப்பதுகூட எனக்கு அவமானம் என்று வந்துவிட்டேன்.

எனக்கு வயிறு எரிகிறது, மச்சான். சொந்த அக்காவுக்கே ஓட்டை வண்டியைத் தள்ளிவிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இதில் அவளைப் படுக்கவைத்து அவ்வளவு தூரம் கூட்டிவர என்னால் முடியாது. பண்டிகைக்கு நாங்கள் வரவில்லை. இதைச் சொன்னதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பாவம் உங்களைச் சேரும். ஆள் அனுப்பி வேனை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கு மரியாதைக்காக ஒரு ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
அத்தான் வேதசிரோமணி

பின்குறிப்பு: ஆள் அனுப்ப வேண்டாம். இதைத் தபாலில் சேர்க்க வேனில் கிளம்பினேன். வழக்கம்போல யூனிஸும் கூட வந்து பின்னால் கட்டிலில் படுத்தாள். விளக்கு எந்த நொடியில் எரிகிறது என்று பிடித்துவிட, வாழ்நாளில் முதல்முறையாக ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தேன். கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு வந்து ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்தது. விளக்கு எரிந்தது.

"என்ன பண்றே?" என்றேன்.

"நீங்க ஜெபத்துல இறங்கினா வண்டியும் இறங்குதே. ராஜகோபாலன் சார் கேட்டை இப்பத்தான் சரி பண்ணியிருக்காரு."

"ஆமென் சொன்னதும் விட்டிருக்கலாமே?"

"நீங்க முடிக்கிறதுக்குள்ள நான் தூங்கிடறேன்."

வியாழக்கிழமை புறப்படுகிறோம். பந்தியில் அக்காவுக்கு உயரமான நாற்காலி போட்டு வையுங்கள். வழியெல்லாம் அவள் ஜெபிப்பாள். நான் கண்ணைத் திறந்துகொண்டு பிரேக்கைப் பிடித்திருப்பேன்.