பங்கரில் காயவைத்த உருண்டைகள்

நான் பயந்தாங்கொள்ளி. அதிலும், என்னென்ன நடக்கலாம் என்று முன்கூட்டியே யோசித்து, அத்தனைக்கும் தனித்தனியாகப் பயந்து வைக்கிற வகை. எண்பதுகளின் பின்பாதியில் தெல்லிப்பழைப் பக்கம் வாழ்ந்தவனுக்குப் பயப்பட விஷயமா இல்லை? ஆனால் அந்த மாதம் நான் ஹெலிகொப்டரை விட அணிலுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் வீட்டோடு இருந்த எனக்குச் சாவகச்சேரியில் ஒரு பெண் பேசியிருந்தார்கள். பெயர் வதனி. கோயில் திருவிழாவில் அவளை ஒருமுறை கண்டதிலிருந்து, கட்டினால் இவளைத்தான் என்று முடிவெடுத்திருந்தேன் (அவளைக் கேட்காமலே). தரகர் அவர்களிடம் என்னைப்பற்றிச் சொல்லக்கூடியதாக இருந்த ஒரே நல்ல விஷயம், நான் முந்திரிகைத் தோட்டம் வைத்திருக்கிறேன் என்பது. (திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம்.) அந்தத் தோட்டத்தைப் பார்க்க வதனியின் தகப்பனார், ஓய்வுபெற்ற தபாலதிபர், நேரில் வருவதாக ஏற்பாடு. அவருக்கு முன்னே அணில்கள் வந்துவிட்டன. கடிபடாத குலை ஒன்றைத் தேடவேண்டியிருந்தது.

அணில் சுட அப்பா வைத்திருந்த துவக்கு, பிரச்சினை தொடங்கிய காலத்திலேயே வீட்டைவிட்டுப் போயிருந்தது. (யார் கொண்டுபோனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கிற காலமும் அல்ல.) மிஞ்சியது கவட்டைத் தடியில் சைக்கிள் ரியூப்பைக் கட்டி நான் செய்த கெற்றப்போல். அதில் கல் வைத்து அடித்தால் ஒரு கல் இடப்பக்கம் போனது, அடுத்தது அயல்வீட்டுக் கூரைக்குப் போனது. உடனே என் படித்த மூளை விழித்துக்கொண்டது. கல்லெல்லாம் ஒரே பாரமாக, ஒரே உருண்டையாக இருந்தால் ஒரே வழியில்தானே போகவேண்டும்?

செம்மண்ணை அரித்து, புற்றுமண் கலந்து குழைத்தேன். இருமல் மருந்துப் போத்தலின் மூடியில் அள்ளி, கத்தியால் மட்டம் தட்டி, அளவு பிசகாமல் உருட்டினேன். வெயிலில் வைத்தால் வெடித்தன. வெடித்த உருண்டை பாதிவழியில் திசைமாறியது. ஆறுதலாக, மெல்ல மெல்லக் காய, வெயிலும் காற்றும் படாத இருட்டு வேண்டும். எங்கள் வளவில் அப்படி இருந்தது ஒரே இடம், குண்டுவீச்சுக்குப் பயந்து நானே வெட்டிய பங்கர். அதன் படிகளில் சாக்கு விரித்து உருண்டைகளைப் பரப்பினேன்.

"டேய், உதிலை ஏன் பரப்பி வைச்சிருக்கிறாய்? அவசரத்துக்கு எங்கை கால் வைக்கிறது?" என்றார் அம்மா.

"ஒருநாள்தானே அம்மா. நாளைக்கு அள்ளிப்போடுவன்."

(எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்கிறவன் சொன்ன பதில் இது.)

முதலில் காய்ந்த உருண்டைகள் அற்புதமாகப் போயின. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட சிரட்டையில் அடிக்கு அடி பட்டன. அணிலில் மட்டும் படவில்லை. சிரட்டை ஓடாது என்பதை என் கணிதம் கவனிக்கவில்லை.

தபாலதிபர் சொன்னதற்கு ஒருநாள் முந்தியே வந்துவிட்டார். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி. கடிபட்ட குலைகளை முதுகால் மறைத்தபடி பந்தலுக்குள் அவரோடு நடந்தேன்.

"தம்பி, உங்களுக்குப் பின்னாலை இருக்கிறதெல்லாம் கடிபட்டிருக்குப் போலை."

"ஓம் ஐயா. அதுக்கு ஒரு வழி செய்துகொண்டிருக்கிறன்."

அந்த நேரம் பார்த்துத்தான் சத்தம் கேட்டது. குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா கத்தினார்: "ஹெலி! பங்கருக்கை ஓடுங்கோ!"

ஓடினோம். அவர் முன்னே, நான் பின்னே. அவருடைய கால் முதல்படிக்கு மேலே அந்தரத்தில் இருந்தபோதுதான் உருண்டைகளின் ஞாபகம் வந்தது.

"ஐயா, நில்லுங்கோ!"

தலைக்கு மேலே ஹெலி நிற்க, எந்த மனிதன் நிற்பான்? சறுக்கி விழுந்து, அத்தனை படியையும் இருந்தபடியே இறங்கினார். உருண்டைகள் அவரோடு உருண்டன. அவற்றின்மேல் நான், எனக்குப் பின்னால் "முருகா" என்றபடி அம்மா.

ஹெலி சுற்றிச் சுற்றிச் சுட்டது. கூரையிலிருந்து மண் கொட்டியது. இருட்டில் அவர் கேட்டார்:

"தம்பி, எனக்குக் கீழை கிடக்கிறது என்ன?"

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்குத் திறந்துவிடும். புற்றுமண், மருந்து மூடி, வெடிப்பு, திசைமாற்றம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, குறி சரியா விழுதோ?"

"சிரட்டையிலை விழுது, ஐயா."

ஹெலி போனபிறகுதான், அவருடைய கையை என் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தது தெரிந்தது. அவரால் எழும்ப முடியவில்லை. கணுக்கால் பொம்மென்று வீங்கியிருந்தது. வாடகைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, வதனி இனி எனக்கில்லை என்று பந்தலுக்குள் இருந்து அழுதேன். அணில்கள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன.

அந்தக் கிழமை முடிய முன்னர் தரகர் சம்மதம் என்று வந்து நின்றார். எனக்கு விளங்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வதனிதான் சொன்னாள், தகப்பனார் காலில் எண்ணெய்ச் சீலையோடு இருந்து அவளிடம் சொன்னதை: "பெடியன் சரியான பயந்தாங்கொள்ளி. ஹெலி போகுமட்டும் என்ரை கையை விடேல்லை. இந்தக் காலத்திலை பயந்தவன்தான், பிள்ளை, உயிரோடை வீட்டை வருவான். இவனையே கட்டு."

மாமாவின் கால் பிறகு முழுதாகச் சரிவரவில்லை. கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் நடந்தார். ஏன் என்று என் பிள்ளைகள் கேட்டால், அவர் சாகும்வரை ஒரே பதில்தான். இப்போது அதை வதனி அவருடைய குரலிலேயே சொல்கிறாள், நான் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் பலமாக:

"உங்கடை அப்பா அணிலுக்குத்தான் குறி வைச்சவர். பட்டது எனக்கு."