குலுக்கல் டாக்டரின் ஊறுகாய் பாட்டில்

தன் வாழ்க்கையில் ஒரு முடிவைக்கூடத் தானாக எடுக்காத மனிதர் என்று தென்காசியில் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அது எங்கள் ஆஸ்பத்திரியின் குலுக்கல் டாக்டர்தான். கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார் என்று நர்ஸ்கள் சொல்வார்கள். கல்யாணமும் அப்படித்தான் என்று கேன்டீன்காரர் சொல்வார்.

அவர் எலும்பு டாக்டர். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் மேசையில் பேனா ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்தில் கழுவித் துடைத்த ஒரு ஊறுகாய் பாட்டில் இருக்கும். காலையில் டீயா காபியா? இரண்டு சீட்டு. வீட்டுக்குப் போவது மேம்பாலம் வழியா, கோயில் வழியா? இரண்டு சீட்டு. ஒரு நாள் குலுக்கலில் கோயில் வழி விழுந்தது. அன்று தேரோட்டம். நகர முடியாமல் மூன்று மணி நேரம் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கேட்டதற்கு, "சீட்டு மேல தப்பில்லம்மா, தேரு மேலயும் தப்பில்ல" என்றார்.

வைத்தியத்தில் மட்டும் அவர் குலுக்கியதே இல்லை. ஆனால் நோயாளிகளுக்கு அது தெரியாதே. முட்டி ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, எந்தக் கால் என்று குலுக்குவதற்கு முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

குலுக்கலில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு சீட்டை எடுத்துப் பிரித்த பிறகு, பாட்டிலில் இருக்கும் இரண்டாவது சீட்டையும் எடுத்துப் பிரித்துக் காட்டிவிட வேண்டும். டீ என்று விழுந்தால், மற்றதில் காபி என்றுதான் எழுதியிருக்கிறது என்பதைக் கேன்டீன்காரர் கண்ணால் பார்க்க வேண்டும். எதற்கு இந்த வம்பு என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒத்தச் சீட்ட மட்டும் பிரிச்சா அது குலுக்கல் இல்லம்மா. அது நம்பிக்கை. நமக்கு நம்பிக்கை ஆகாது."

நான் அங்கே புதிதாகச் சேர்ந்த டியூட்டி டாக்டர். இலஞ்சியில் பீடி சுற்றும் வீட்டில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள். போனதோடு நிற்காமல் டாக்டராகவும் ஆனவள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது, கேட்காதவர்களிடமும் சொல்வேன். அம்மா பீடி இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துக் குனிந்தால் நாள் முழுவதும் நிமிரமாட்டாள். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் கழுத்துவலி. அரை மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து தோளைச் சுற்றினால் வலி குறையுமா, குறைந்தால் பீடி எண்ணிக்கையும் குறைந்துபோகுமா? இந்தக் கேள்விக்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "தலைய நிமுத்துனா கை நின்னுரும்டி. போயி ஊசி போடுத வேலையப் பாரு" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த உதவித்தொகை அறிவிப்பு வந்தது. ஆராய்ச்சி செய்ய விரும்பும் டாக்டர்களுக்கு மூன்று வருஷம் பணம் தருவார்கள். வாரத்தில் இரண்டு நாள் நோயாளி பார்க்காமல் ஆராய்ச்சியை மட்டும் பார்க்கலாம். அந்த இரண்டு நாள் சம்பளத்தை ஆஸ்பத்திரிக்கு அவர்களே கொடுத்துவிடுவார்கள். எங்கள் நிர்வாகி அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நோயாளியைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு டாக்டருக்கு யாரோ பணம் தருகிறார்கள் என்றால் இதில் ஏதோ மோசடி இருக்கிறது என்று முடிவு கட்டினார். அம்மாவுக்கும் அதே சந்தேகம். "அப்பம் நீ டாக்டரா, இல்லியா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கே அது தெளிவாக இல்லை.

இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, ஏற்கெனவே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்ட டாக்டர் ஒருவர் வழிகாட்டியாகக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு, ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர்தான் விண்ணப்பிக்கலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டுரை வெளியிட்டிருந்தது குலுக்கல் டாக்டர் மட்டும்தான். இரண்டு கட்டுப் போடும் முறைகளை ஒப்பிட்டு, இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று பத்துப் பக்கம் எழுதியிருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். அவரும் அதற்கு மூன்று வருஷமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தாராம். மூன்று தடவையும், முன்னோட்டமாக ஒரு சின்ன ஆய்வாவது செய்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருஷத்தோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது.

"சாரல் சீசன்ல என் ஆய்வ முடிச்சிருதேன். அதுக்குப் பொறவு யாரு அனுப்புததுன்னு குலுக்கிப் பாப்போம். அதுவரைக்கும் எனக்கு ஒத்தாசை பண்ணுதியா?"

போட்டியாளருக்கே உதவி செய்வதா, வேண்டாமா? யோசித்து முடிப்பதற்குள் என் கையில் ஒரு நோட்டும் குடையும் வந்துவிட்டன.

அவருடைய கேள்வி குற்றாலத்தைப் பற்றியது. அருவித் தண்ணீர் பிடரியில் விழுந்தால் கழுத்துவலி போய்விடும் என்று ஊரே சொல்கிறது. உண்மையா? கழுத்துவலிக்காரர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். "அருவி" என்று சீட்டு விழுந்தவர்கள் இரண்டு வாரம் தினமும் காலையில் அருவியில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். "வீடு" என்று விழுந்தவர்கள் அருவிப் பக்கமே போகாமல் வீட்டில் வெந்நீரில் குளிக்க வேண்டும். பிறகு யாருக்கு வலி குறைந்தது என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. ஜனங்களும் வரிசையாக வந்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கடையத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், கையெழுத்துப் போட்டுவிட்டு முதல் பரிசு என்ன என்று கேட்டார். பரிசெல்லாம் இல்லை என்று பத்து நிமிஷம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சீட்டை எடுத்தார். "வீடு" என்றிருந்தது. "நமக்கு எங்கன விழப்போவுது" என்று முகம் வாடிப் போனார்.

முதல் வாரம் மற்றொரு டாக்டர் அருவியில் வருகை எடுத்தார். வந்தவர்களை எண்ணினார்; எண்ணிக்கை சரியாக இருந்தது. இரண்டாவது வாரம் நான் போனேன். குடையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டேன். சிவகிரியிலிருந்து வரும் ஓர் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டபோது, அருவிக்குள்ளிருந்து ஆண் குரல் பதில் சொன்னது. தலையில் எண்ணெய் வழிய, துண்டோடு வெளியே வந்தவர் கடையத்து அண்ணாச்சி.

"அண்ணாச்சி, நீங்க வீட்டுச் சீட்டுல்லா எடுத்திய?"

"ஆமா டாக்டரம்மா. இந்தச் சிவகிரி அம்மாவுக்குக் குளுந்த தண்ணி ஒத்துக்கிடாதாம். பாவம், அவங்களுக்குப் போயி அருவி விழுந்துட்டு. பஸ் ஸ்டாண்டுல வச்சே பேசி மாத்திக்கிட்டோம். நீங்க நோட்டுல பேர மட்டும் திருத்திக்கிடுங்க."

குடையை மடக்கி வைத்தேன். மற்றவர்களை விசாரித்தேன். மருமகளின் அருவியை மாமியார் வாங்கியிருந்தார். அலுவலகம் போகும் ஒருவர் தன் அருவியைப் பக்கத்து வீட்டு வாத்தியாருக்குக் கொடுத்திருந்தார். ஒரு சீட்டு மூன்று கை மாறி, கடைசியில் முதலில் எடுத்தவரிடமே திரும்பி வந்திருந்தது. யாரும் எங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுப்பதுபோல விட்டுக்கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நோட்டோடு அப்படியே நின்றேன். இதை எழுதினால் அவருடைய ஆய்வு போச்சு, கடைசி விண்ணப்பமும் போச்சு. எனக்குப் போட்டியும் இருக்காது. எழுதாமல் விட்டால் நோட்டு பொய். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினேன். அதற்குள் குலுக்கல் டாக்டரே வந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டார். இதற்குக் குலுக்கவில்லை.

"நடந்தத அப்படியே எழுதும்மா. யாரு யாருக்குக் குடுத்தாங்க, அதையும் எழுது."

ஈரப் பாறையில் உட்கார்ந்து அவர் போட்ட மாற்றல் படம், ஒரு பெரிய குடும்பத்துச் சம்பந்த உறவுப் படம் மாதிரி இருந்தது. அண்ணாச்சி தலையைத் துவட்டியபடி எட்டிப் பார்த்தார்.

"ஆளுக்கொரு சீட்டுன்னு குடுத்தா மாத்தத்தான் செய்வோம். தெருவுக்கே ஒரு சீட்டுன்னு குடுத்திருந்தா எவங்கிட்ட போயி மாத்த?"

டாக்டர் படத்திலிருந்து தலை நிமிர்ந்து அண்ணாச்சியையே பார்த்தார். பெரிய ஊர்களில் பெரிய ஆராய்ச்சியாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவர் படித்திருந்தாராம். தென்காசியில் அது தேவைப்படும் என்று தோன்றவில்லையாம். எனக்கோ எங்கள் தெருவே கண்முன் வந்தது. பீடி சுற்றும் பெண்கள் ஒன்றாகத்தானே உட்காருகிறார்கள். ஒருத்தி நிமிர்ந்தால் பக்கத்தில் இருப்பவளும் நிமிர்வாள். ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்திருந்தால் என் ஆய்வும் இதே அருவியோடு போயிருக்கும்.

தெருவுக்கு ஒரு சீட்டு என்ற இந்த யோசனையோடு இரண்டு பேரில் யார் விண்ணப்பித்தாலும் இந்தத் தடவை கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்று அவர் சொன்னார். கெட்டுப்போன ஆய்வே நல்ல முன்னோட்டமாகிவிட்டது. அதனால்தான் கடைசித் தேதியன்று கேன்டீனில் ஊறுகாய் பாட்டில் வந்தபோது என் டீயைத் தொடவே மறந்துவிட்டேன்.

அவர் திரும்பி நின்று இரண்டு சீட்டு எழுதி மடித்துப் போட்டார். என்னையே குலுக்கச் சொன்னார். குலுக்கி ஒன்றை எடுத்துப் பிரித்தேன். என் பெயர்.

"சந்தோஷம். வழிகாட்டிக் கடுதாசி நான் தாரேன்" என்றார்.

சட்டப்படி இரண்டாவது சீட்டைப் பார்க்கக் காத்திருந்தேன். அவர் பாட்டிலுக்குள் விரலை விட்டு அதை எடுத்தார். எடுத்த கை எப்படியோ தடுமாறி, சீட்டு அவருடைய காபிக்குள் விழுந்தது. "அடடா" என்றார். வேறு யாராக இருந்தாலும் அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறு காபி கேட்டிருப்பார்கள். இவர் சீட்டோடு சேர்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கேன்டீன்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சர்க்கரை குறைவோ என்று கேன்டீன்காரர் கேட்டார்.

வழிகாட்டிக் கடிதத்தில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "என் ஆய்வு கெட்டுப்போனதை இவர் ஒரு வரி விடாமல் எழுதினார். தன் ஆய்வையும் அப்படித்தான் எழுதுவார்." நேர்முகத்தில் தேர்வுக்குழு அண்ணாச்சியின் கதையை இரண்டு தடவை சொல்ல வைத்தது. உதவித்தொகை கிடைத்தது. குலுக்கல் டாக்டருக்கு வயது வரம்பு தாண்டியது. அடுத்த சீசனுக்குள் செங்கோட்டையில் சொந்தமாக வைத்தியம் பார்க்கப் போய்விட்டார். அதுவும் குலுக்கலில் விழுந்ததுதான் என்றார். அந்த இரண்டு சீட்டையும் எங்களுக்குப் பிரித்துக் காட்டினார். போகும்போது பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். காபி விஷயத்தை ஒரு முறை போனில் கேட்டேன். எந்தக் காபி என்றார்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் பாட்டிலோடு இலஞ்சியிலும் கடையத்திலும் தெருத்தெருவாகப் போகிறேன். பெண்கள் சுளகை ஓரமாக வைத்துவிட்டு வந்து, தங்கள் தெருவுக்கு நிமிர்வதா குனிவதா என்று எட்டிப் பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கு நிமிர்வது விழுந்தது. அம்மா முனகிக்கொண்டே நிமிர்கிறாள். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது சீட்டையும் பிரித்து எல்லோருக்கும் காட்டிவிடுவேன், அவருடைய சட்டப்படி. அவர் எத்தனையோ குலுக்கியிருக்கிறார். என் பெயர் விழுந்த அந்த ஒரு தடவைதான் மற்றதைக் காட்டவில்லை.