தொந்திக்குப் பிரசவம்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த வீட்டில் ஒரே ஒரு தடவையாவது என் பேச்சு எடுபட வேண்டும்.

பெரிய பதவி எதற்கும் நான் ஆசைப்படவில்லை. சுவருக்கு என்ன நிறம், மகளுக்கு எந்தக் கல்லூரி, எனக்கு எந்தச் சட்டை என்பதையெல்லாம் மனைவி எப்போதோ தன் கைக்குள் கொண்டுபோய்விட்டாள். போகட்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த வாக்குவாதங்களை எண்ணுவதற்கு விரலே தேவைப்படாது. அதனால் இந்தத் தடவை வாக்குவாதமே கிடையாது. சொல்லாமல் செய்வது. செய்துவிட்டுச் சொல்வது. சொன்ன பிறகு இடியே விழுந்தாலும் அசையாமல் நிற்பது.

என் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேர் என் தயவில்தான் பேப்பர் படிக்கிறார்கள். ஆனால் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், என்னை ஒரு ஆளாகப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணாடியை மட்டும் என்னால் செய்துகொடுக்க முடியவில்லை. அவர் வீட்டு ஹாலில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. அதில் சும்மா சில தங்கமீன்கள். அதற்கே மனிதர் கடலை வளைத்துப் போட்டவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அப்புறம் மாப்பிள்ளை, உங்க வீட்டுல பார்க்கிற மாதிரி என்ன இருக்கு?" என்பார். என்னைத் தவிர ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அலங்கார மீன் விற்கிறவர் ஒருவர் என்னிடம் கண்ணாடி போடுகிறவர். ஒரு நாள் காதோடு காதாக, "சார், ஸ்பெஷலா ஒண்ணு வந்திருக்கு. பின்னாடி ரூமுக்கு வாங்க" என்றார். போனேன். இருட்டறை. ஒரு சின்னத் தொட்டி. அதில் ஒரு கடல்குதிரை, பிளாஸ்டிக் செடியை வாலால் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்து என்னைப் பார்த்தது. குதிரை முகம். என்னைப் போலவே தொப்பை. பார்த்த மாத்திரத்தில் மனசு போய்விட்டது.

"இந்த ரகம் இப்பல்லாம் கடல்லயே கிடைக்கிறதில்ல சார்" என்றார் கடைக்காரர்.

மனசாட்சியுள்ளவன் அந்த இடத்திலேயே திரும்பியிருப்பான். எனக்கோ அந்த இடத்தில்தான் ஆசை இரண்டு மடங்காயிற்று.

மனைவிக்கு மருத்துவமனையில் பிரசவ வார்டில் நர்ஸ் வேலை. அவள் டூட்டி முடிந்து வருவதற்குள் ஹாலில் தொட்டி, உப்புத் தண்ணீர், விளக்கு, காற்றுக் குழாய் எல்லாம் தயார். தொட்டிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"என்னங்க இது?"

"கடல்குதிரை."

"அது தெரியுது. கடல்ல இருக்க வேண்டியது இங்க எதுக்கு வந்துச்சு?"

"நான்தான் கொண்டு வந்தேன். இனிமே இங்கதான் இருக்கும். இது என் முடிவு." கடைசி வார்த்தையில் மட்டும் குரல் கொஞ்சம் கீச்சென்றது.

"கடல்ல பிடிச்சதா?"

"சேச்சே! பண்ணையில வளர்த்தது."

"இது ஜோடியாத்தானே இருக்கும்? ஜோடி எங்க?"

மின்விசிறியைப் பார்த்தேன். அதில் தூசி நிறைய இருந்தது.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"அது... கடைக்காரர் கொண்டு வர்ற வழியிலயே... பையில சூடு தாங்காம..."

அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நானே பேச ஆரம்பித்தேன்.

"இங்க பாரு, நான் வாங்கலைன்னா வேற எவனாவது வாங்கியிருப்பான்."

"நீங்க வாங்கினதால அவன் நாளைக்கு இன்னொண்ணு கொண்டு வருவான்."

"பாவம், இருட்டறையில கிடந்துச்சு. நான் காப்பாத்தியிருக்கேன்!"

"நல்ல வியாபாரம்னா அவன் ஏங்க இருட்டறையில வெச்சு விக்கிறான்?"

அசையாமல் நிற்கிறவனுக்குப் பதில் எதற்கு? நின்றேன்.

"இங்கதான் இருக்கும்" என்றேன் மறுபடியும்.

"சரி" என்றாள்.

சரியா? என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. உடனே மச்சானுக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

மறுநாள் முதல் சோதனை வந்தது. ஐஸில் வைத்த பொடி இறாலை இடுக்கியில் எடுத்து அதன் மூக்குக்கு நேராக நீட்டினேன். அது பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தப் பக்கம் போய் நீட்டினேன். இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. மனைவி டீயை உறிஞ்சியபடி வேடிக்கை பார்த்தாள்.

"பண்ணையில வளர்ந்ததுன்னா ஐஸ் இறாலைப் பழக்கியிருப்பாங்களாமே? இது உயிரோட ஓடுறதைத்தான் தேடுது."

"இது கொஞ்சம் செல்லமா வளர்த்த பண்ணை."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே பண்ணை மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் சண்டை போடவில்லை. அடுத்த நாள் ஒரு பாட்டில் நிறைய, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற உயிருள்ள குட்டி இறால்களோடு வந்தாள்.

"எங்க கிடைச்சுது?"

"தெரிஞ்சவங்க இருக்காங்க."

யார் அந்தத் தெரிந்தவர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மனைவியே என் கட்சிக்கு வந்துவிட்டாள் என்ற மமதையில் இருந்தேன்.

குதிரை சாப்பிட்டது. தொப்பையும் வளர்ந்தது. 'தொந்தி' என்று பெயர் வைத்தேன். நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போனதும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. என் தொப்பைக்காக மனைவி எனக்கு இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கி வெகுகாலம் ஆகிறது. அந்த வைத்தியம்தானே எனக்குத் தெரியும்? தொந்திக்கும் பாதியாக்கினேன். சக தொப்பைக்காரன் என்ற உரிமையில், "பல்லைக் கடிச்சிட்டு இருடா" என்று ஆறுதலும் சொன்னேன்.

மனைவி குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வார்டில் வரிசையாகப் படுத்திருப்பவர்களைப் பார்க்கிற பார்வை.

"ஏங்க, இது ஆணா, பொண்ணா?"

"ஆண்தான். கடைக்காரரே சொன்னார்."

"அப்ப முதல்ல அதுகிட்ட மன்னிப்புக் கேளுங்க. மாசமா இருக்கிறதைப் பட்டினி போட்டிருக்கீங்க."

"ஆம்பளை எப்படிம்மா மாசமா இருக்கும்?"

"இந்த இனத்துல ஆம்பளைதான் சுமக்கும். முட்டையை அவன் வயித்துப் பையில விட்டுட்டு, அவ தினமும் காலையில வந்து பார்த்துட்டுப் போவாளாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "இவனுக்கு வந்து பார்க்கவும் ஆள் இல்ல. அவதான் வழியிலேயே போய்ச் சேர்ந்துட்டாளே."

எனக்குச் சுருக்கென்றது. தொந்தி ஏன் காலையில் விளக்குப் போட்டதும் கண்ணாடி ஓரமாக வந்து வந்து பார்க்கிறான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. என்னை வரவேற்கிறான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்திருந்தேன்.

"திருப்பிக் கொடுத்துடணும்னு சொல்லப் போறியா?" என்றேன், தற்காப்பாக.

"நான் எதுக்குச் சொல்றேன்? உங்க முடிவு, உங்க பேச்சு. நான் குறுக்க வர மாட்டேன். ஆனா ஒண்ணு, இனிமே இது ஹால் இல்ல. வார்டு."

குறுக்கே வரவில்லை. என்னைத்தான் வெளியே அனுப்பினாள். டிவி சத்தத்தில் கண்ணாடி அதிருமாம். டிவி சாமான் அறைக்குப் போனது. சோபா உரசுகிற சத்தம் ஆகாதாம். சோபா பால்கனிக்குப் போனது. போன் பேசுவதென்றால் மாடிப்படியில். நான் குளித்துவிட்டு வரும்போது பாடுகிற வழக்கம் உண்டு. "கர்ப்பிணி பயந்துடுவா" என்று அதற்கும் தடை. கர்ப்பிணி ஆண் என்று நினைவூட்டினேன். "எந்தக் கர்ப்பிணியா இருந்தாலும் அந்தப் பாட்டுக்குப் பயப்படும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வாசலிலேயே தங்கை மறித்தாள். "அண்ணா, பிரசவ வார்டு. பார்வையாளருக்கு அனுமதி இல்ல." யாருக்குக் காட்டுவதற்காக வாங்கினேனோ அந்த மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்.

அப்போதும் நான் தளரவில்லை. உப்புத் தண்ணீரை அளந்து கலந்து வாளி வாளியாக ஊற்றினேன். கண்ணாடியில் படிகிற பாசியைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன். வடிகட்டி குட்டிகளை இழுத்துவிடக் கூடாதென்று, கடையில் லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணியை அதன் வாயில் கட்டினேன்.

"நல்லாப் பண்றீங்களே" என்றாள். "நம்ம பொண்ணு பொறந்தப்ப வார்டு வாசல்லயே மயங்கி விழுந்த மனுஷன். எனக்கு வெச்சிருந்த டாக்டரைப் பாதியில உங்களைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. இதையாவது முழுசா நின்னு பாருங்க."

நிற்கிறேன் என்று சபதம் செய்தேன்.

அந்தக் காலையும் வந்தது. மனைவி தொட்டியை உற்றுப் பார்த்தாள். மாடிப்படிக்குப் போய் யாருடனோ போனில் பேசினாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, "இன்னிக்கு ஆயிடும். எனக்கு டூட்டி இருக்கு, கிளம்பறேன். ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்று போய்விட்டாள்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் தொந்தி முன்னால் வளைந்தான். பின்னால் வளைந்தான். நான் போனுக்குப் பாய்ந்தேன்.

"வளையுதும்மா!"

"வளையட்டும்."

"மூச்சு வாங்குது!"

"மூச்சை நல்லா இழுத்து, நிதானமா விடணும்."

"அதை எப்படி அதுகிட்டச் சொல்றது?"

"அதுக்கு இல்லீங்க. உங்களுக்குச் சொல்றேன்."

இழுத்து விட்டேன். அவள் பக்கத்தில் ஒரு ஹாரன் சத்தம் கேட்டது.

"வார்டுல யாரு ஹாரன் அடிக்கிறது?"

"ஆம்புலன்ஸ். நீங்க அங்க பாருங்க."

பார்த்தேன். தொந்தி ஒரு உலுக்கு உலுக்கினான். வயிற்றிலிருந்து புகை மாதிரி ஏதோ வந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். புகை இல்லை. குட்டிகள். ஒவ்வொன்றும் முழுசான குதிரை, முகமும் வாலும் சரியாக. உலுக்க உலுக்க வந்துகொண்டே இருந்தன. நான் மயங்கவில்லை. அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

பிறகுதான் பயம் வந்தது. அத்தனை குட்டிகளும் பிடித்துக்கொள்ள ஏதாவது தேடின. தொட்டியில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் செடி. பிடி கிடைக்காதவை ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டன. சில கண்ணாடியில் முட்டி முட்டித் திரும்பின. அதற்கு அப்பால் கடல் இருக்கும் என்று நினைத்தனவோ என்னவோ. அப்பால் இருந்தவன் நான். ஒன்றிரண்டு அசையாமல் கீழே இறங்கின.

"என்ன போடறது இதுங்களுக்கு?"

"உயிருள்ள இரை. கண்ணுக்கே தெரியாத சைஸ்ல. நாள் பூரா போட்டுக்கிட்டே இருக்கணும். எத்தனை பேரு?"

"எண்ணவே முடியல! எனக்கு இருக்கிறது ரெண்டு கை, ஒரு பிரஷ்! பேசாம கடல்லயே கொண்டுபோய் விட்டுடறேன்!"

"கூடாதுங்க. இந்தத் தொட்டியில ஏதாவது நோய் ஒட்டியிருந்தா அதையும் சேர்த்துக் கடலுக்குக் கொடுத்துடுவீங்க. விவரம் தெரிஞ்சவங்கதான் பார்த்துச் செய்யணும்."

"அப்ப அவங்களைக் கூப்பிடேன்!"

"நான் எப்படிக் கூப்பிடறது? உங்க முடிவு என்னன்னு எனக்குத் தெரியாதே."

தொந்தியைப் பார்த்தேன். வயிறு ஒட்டிப்போய், செடியை வாலால் பிடித்தபடி, தன் பிள்ளைகள் முட்டுகிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை வீட்டுல வெச்சிருக்கக் கூடாது" என்றேன். "பண்ணையும் இல்ல, மண்ணும் இல்ல. கடல்ல பிடிச்சது. நான் காப்பாத்தவும் இல்ல. வாங்கினதே தப்பு. யாரு வேணாலும் கூட்டிட்டுப் போய்ப் பிழைக்க வைக்கட்டும். இது என் முடிவு!"

இந்தத் தடவை குரல் கீச்சிடவில்லை.

"சரி" என்றாள். அதே சரி.

போனைக் கீழே வைப்பதற்குள் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு பெண். கையில் தெர்மாகோல் பெட்டிகள், காற்றுக்குழாய், குட்டி இறால் பாட்டில். அந்தப் பாட்டிலை எனக்கு அடையாளம் தெரிந்தது.

"கடல் உயிர் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வர்றேன் சார். மேடம் முதல் வாரமே சொல்லிட்டாங்க. அது சாப்பிடாம இருந்ததால நாங்களும் தெம்பு வரட்டும்னு இருந்தோம். அதுக்குள்ள மாசமா இருக்கறது தெரிஞ்சுது. அந்த நேரத்துல அசைக்கக் கூடாது. அதான் இரையை மட்டும் கொடுத்தனுப்பினோம்."

"பிழைச்சிடுவானா?"

"பிழைச்சிடும் சார். அங்க இதே இனத்துல துணைக்கு இருக்கு. குட்டிங்க பெருசானதும் சோதிச்சுப் பார்த்துக் கடலுக்கு அனுப்புவோம். எந்தக் கடையில வாங்கினீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றது என்ன? நானே கூட்டிட்டுப் போய்ப் பின்னாடி ரூமைக் காட்டறேன்" என்றேன்.

குட்டிகளின் பெட்டியை அந்தப் பெண் எடுத்துக்கொள்ள, தொந்தியின் பெட்டியை நானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். வாசலில் அவர்களுடைய வேன். அதன் பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, டிரைவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"டூட்டிக்குப் போகல?"

"இதுதாங்க இன்னிக்கு டூட்டி." பெட்டியை என் கையிலிருந்து பக்குவமாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கேலி இல்லாமல், நிஜமாகவே கனிந்த குரலில் சொன்னாள்: "பார்த்தீங்களா, கடைசியில உங்க பேச்சுதான் எடுபட்டுச்சு."

உண்மைதானே? முடிவு என்னுடையது. நான் சொல்லாமல் ஓர் அணுவும் அசையவில்லை. நீண்ட நாளைக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்ந்த நெஞ்சோடு டிரைவரைப் பார்த்தேன். அவர் மரியாதையாக எழுந்து, சீட்டில் அடுக்கியிருந்த டிபன் கேரியரை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தார்.

"சார் எப்படியும் சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடிப்பார்னு மேடம் சொன்னதால எல்லாருக்கும் சாப்பாடு கட்டிட்டு வந்தோம் சார். நீங்க டீ ஆறுறதுக்குள்ளயே முடிச்சிட்டீங்களே!"