அட்மிரலும் அடங்காத கட்டையும்

தண்ணீரில் இறங்காமலே ஒரு தெருவின் மண்டையை எல்லாம் வீங்க வைத்த பாய்மரப் படகு உலகத்திலேயே ஒன்றுதான். அது மேற்குத் தாம்பரத்தில், எங்கள் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் நின்றது. அதன் சொந்தக்காரருக்கு அவருடைய அப்பா அம்மா என்ன பெயர் வைத்தார்களோ, தபால்காரர் உட்பட எல்லோருக்கும் அவர் 'அட்மிரல்'தான்.

அறுபதுகளின் கடைசி. நான் புதுக் கல்யாணம் ஆகி அந்தத் தெருவுக்கு வந்த டைப்பிஸ்ட். அட்மிரலோ பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குமாஸ்தா. கப்பலுக்கும் அவருக்கும் உள்ள உறவு காகிதத்தோடு சரி. ஆனால் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினால், காற்று எந்தத் திசை என்று விரலை எச்சில் தொட்டு ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

படகு, சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. பாய்மரத்தின் அடியில், பாயின் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குறுக்கே ஒரு நீளக் கட்டை இருக்கும். அதற்குப் பெயர் பூம். காற்று மாறினால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாயும். நடுவில் யார் தலை இருக்கிறது என்றெல்லாம் விசாரிக்காது.

கல்யாணமான புதிதில் அட்மிரல் தன் மனைவி எஸ்தர் டீச்சரை அடையாற்று முகத்துவாரத்தில் இந்தப் படகில் ஏற்றியிருக்கிறார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. பூம் வந்து நெற்றியில் ஒன்று வைத்தது. டீச்சர் கல்யாணப் பட்டுப் புடவையோடு தண்ணீரில்! கரையேறியதும் ஒரே வாக்கியம்: "அந்தக் கட்டை ஒழுங்கா நடந்துக்கிற வரைக்கும் நான் இதுல கால் வைக்க மாட்டேன்." டீச்சர் சொன்னால் சொன்னதுதான். அட்மிரல் படகை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார், கட்டையைத் திருத்துவதற்கு.

வருஷக்கணக்கில் திருத்தினார். கட்டை திருந்தவில்லை. நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த வருஷம்தான் விஷயம் சூடுபிடித்தது. டீச்சருக்கு நீலகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தியோகம் வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் குடும்பம் மலையேறும், படகு ஏறாது. விலைக்குப் போய்விடும்.

"அதுக்குள்ள அவள ஒரே ஒரு தடவ ஏத்திடணும்மா" என்றார் அட்மிரல், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு. பொது இடத்தில் ஒரு மனிதர் மனைவியைப் பற்றி அவ்வளவு ஆசையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து அமர்க்களம்தான். கட்டையைப் பாய்மரத்தோடு சேர்க்கிற துருப்பிடித்த கொக்கியைப் பிடுங்கி எறிந்து, பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் பித்தளையில் புதிதாக ஒன்று வார்த்துக்கொண்டு வந்தார். கட்டையின் நுனி தொங்கி விழாமல் மேலே பிடிக்க ஒரு கப்பி வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏற்றுகிற சர்ச் கம்பத்துக் கப்பி போதகருக்குத் தெரியாமல் காணாமல் போயிற்று. கட்டையை இழுத்துப் பிடிக்க இன்னும் கப்பிகள். காலையில் டீச்சர் தண்ணீர் இறைக்கப் போனால் கிணற்றின் மேல் வெறும் கம்பி.

"ஏங்க, ராட்டினம் எங்க?"

"ப்ரமோஷன்ல போயிடுச்சு!"

மறுநாள் எங்கள் கிணற்று ராட்டினத்துக்கும் ப்ரமோஷன் வந்தது.

எல்லாவற்றையும் கோத்து முடித்த அன்று என் வீட்டுக்காரரைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்துக் கயிற்றில் கட்டினார். "பாருங்க மிஸ்டர், சிம்பிள் மெக்கானிக்ஸ்!" என்று ஒற்றைக் கையால் இழுத்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியோடு ஜிவ்வென்று மேலே போய்விட்டார். தெருவே கைதட்டியது. அட்மிரலுக்குத் திடீரென்று இன்னொரு யோசனை தோன்ற, கயிற்றை முளையில் முடிந்துவிட்டுப் பட்டறைக்கு சைக்கிளை விட்டார். என் வீட்டுக்காரர் அந்தரத்திலேயே காபி குடித்தார்.

பிறகு ஒத்திகை. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வருகிறவர்களை எல்லாம் பிடித்துத் தரையில் நிற்கும் படகில் உட்காரவைப்பார். "தலை!" என்று கத்தினால் எல்லோரும் குனிய வேண்டும், கட்டை மேலே பறக்கும். குனியாதவர்களுக்கு டீச்சர் மஞ்சள் பற்றுப் போடுவார். பழகிப்போய், ட்ரெயினில் யாராவது "தலைவலி" என்று ஆரம்பித்தால்கூட எங்கள் தெரு மொத்தமும் குனிந்து எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை போதகர் "தலைகளைத் தாழ்த்தி" என்று வாயெடுப்பதற்குள் பாதி சபை பெஞ்சுக்கு அடியில் என்று கேள்வி.

ஐப்பசி மழையில் பெருங்களத்தூர்ப் பக்கத்து ஏரி தளும்பியது. படகை மாட்டுவண்டியில் ஏற்றினோம். பாதி வழியில் அட்மிரல் ஆசை தாங்காமல் பாயை விரித்துப் பார்த்தார். காற்று பிடித்துக்கொண்டது. வண்டிக்காரர் அலறினார்: "யோவ் சார், இன்னா பேஜார் பண்ற! மாடு இயுக்குதா, காத்து இயுக்குதான்னே தெர்ல! மொதல்ல அத்த சுருட்டு!"

ஏரிக்கரையில் டீச்சர் குடையோடு நின்றார். சாதாரண நூல் புடவை. கட்டையை ஒரு தடவை முறைத்தார். பித்தளைக் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"சரி" என்றார். ஏறிவிட்டார்!

படகு நகர்ந்தது. பாய் உப்பியது. நான் என் வீட்டுக்காரர் கையைக் கிள்ளியே சிவக்க வைத்துவிட்டேன். ஏரியின் மறுகரை அருகே திரும்ப வேண்டும். கட்டை பாயப்போகிற இடம் அதுதான்.

"தலை!" என்று அட்மிரல் கத்தியது எங்கள் கரை வரைக்கும் கேட்டது. கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் குனிந்துவிட்டோம். நிமிர்ந்து பார்த்தால், கட்டை தொட்டில் மாதிரி மெல்ல நகர்ந்து, டீச்சர் தலைக்கு மேலே நல்ல உயரத்தில் கடந்து, அந்தப் பக்கம் போய் அடக்கமாக நின்றது. வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் அட்மிரலைக் காணோம். பழக்க தோஷத்தில் அவர் குனிந்த வேகத்துக்குப் படகின் விளிம்பைத் தாண்டி ஏரிக்குள்ளேயே போய்விட்டார்.

"ஐயோ டீச்சர்!" என்று கத்தினேன். டீச்சர் பதறவில்லை. அத்தனை நாள் ஒத்திகையையும் சமையலறை ஜன்னல் வழியாகவே கற்று முடித்திருக்கிறார். ஒரு கையில் சுக்கான், மறு கையில் கயிறு. ஒற்றைக் கையால் இழுத்தார். கட்டை சொன்னபடி கேட்டது. ஒரு வட்டம் அடித்து, கழுத்தளவு தண்ணீரில் நின்ற கணவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குள் நாங்கள் ஏரியைச் சுற்றி ஓடி அங்கே போய்ச் சேர்ந்திருந்தோம்.

"ஏறுங்க. சளி பிடிக்கும்."

"உனக்கு எப்படியிருக்கு? அத மொதல்ல சொல்லு."

டீச்சர் பாயை அண்ணாந்து பார்த்தார். "நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு. இத்தன வருஷம் வீணாக்கிட்டேன்."

"அப்ப நான் ஏறல எஸ்தர். நீ இன்னொரு ரவுண்டு போயிட்டு வா. நான் இங்கேருந்து பாக்குறேன்."

டீச்சர் போனார். தலையில் ஏரிப்பாசியோடு, குளிரில் பல் கிட்டிக்க, அந்த மனிதர் படகு போகிற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பி நின்றார். மனைவியை அப்படி ஒரு முகத்தோடு பார்த்த ஆண்பிள்ளையை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் படிக்கட்டும்.