நாற்பத்து மூன்றாம் எண் நோயாளி

காவிரியின் இரு கரையிலும் சர்க்கரை நோய் இன்னும் மிச்சமிருக்கிறது என்றால், அதற்கு டாக்டர் மாதவன் பொறுப்பல்ல. தம்மால் ஆன மட்டும் எழுதிவிட்டார். சர்க்கரையைப் பற்றி அறுபத்தெட்டு, தைராய்டு முதலான சுரப்பிகளைப் பற்றி முப்பத்திரண்டு, ஆக நூறு ஆய்வுக் கட்டுரைகள். ஒரே மனிதர், இரண்டே கை, அதிலும் ஒன்றில் எப்போதும் போன். எப்படிச் சாதித்தார் என்று திருச்சியே வியக்கிறது. நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்திப் பத்து வருஷமாகிறது என்பதை ஊர் மறந்துவிடுகிறது.

அவருடைய ஆய்வு மையத்தில் நான் உதவியாளன். ரத்தம் எடுப்பது, நோயாளிகளுக்கு எண் கொடுப்பது, அட்டவணை போடுவது, அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்துக் கையெழுத்திடுவது எல்லாம் என் திருப்பணி. நூறிலும் ஒரு பிழை கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

நூறாவது கட்டுரைதான் மகுடம். 'கிராமப்புறச் சர்க்கரை நோயாளிகள் சிகிச்சைக்கு வராதது ஏன்?' அறுபது நோயாளிகள், இரண்டு வருஷம், பதினான்கு அட்டவணைகள். சிகிச்சைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லாதவர்கள் அனைவரும் 'வராதவர்கள்'. பதிவேடு டாக்டர் அறையில் இருந்தது. அறை பூட்டியிருந்தது. ஆய்வில் கண்ட முடிவு ஒரே சொல்: அலட்சியம்.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அதை வெளியிட, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. விழாவை முன்னிட்டு அன்று ஆய்வு மையத்துக்கு விடுமுறை.

அதனால்தான் அழகம்மாள் விசாரித்துக்கொண்டு மண்டபத்துக்கே வந்துவிட்டார். முசிறிச் சந்தையில் வாழைக்காய் விற்பவர். ஒன்றரை வருஷத்தில் நான்கு தடவை பஸ் ஏறி வந்து, வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்திருக்கிறார். 'கட்டுரை வெளிவரும்வரை முடிவுகள் ரகசியம்' என்பது டாக்டர் வகுத்த விதி. நான்கு ரிசல்ட்டும் பத்திரமாகக் கோப்பில் இருந்தன. இடையில் இடது பாதத்தில் ஒரு புண் வந்து, ஆறு மாதமாக ஆறவில்லை.

"கட்டுரை வந்துருச்சாமே தம்பி. இனிமே ரிசல்ட்டச் சொல்லுவாருல்ல? அதப் பாத்துட்டுத்தான் மாத்திரைன்னீங்களே," என்றார்.

மேடையில் டாக்டருக்குப் பொன்னாடை போர்த்த வரிசை நின்றது. அவரை நெருங்க அது ஒன்றுதான் வழி என்று கண்டுகொண்ட அழகம்மாள், காலை இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் நின்றார். விழாக் குழுச் செயலாளர் செந்தமிழன், வெறுங்கையோடு நிற்கிறாரே என்று பதறி, ஏற்கெனவே போர்த்திக் கழற்றிய சால்வை ஒன்றை அவர் கையில் திணித்தார். நம் விழாக்களில் இது வழக்கம்தான். அந்தச் சால்வை அதற்குள் டாக்டரை மூன்று தடவை கௌரவித்திருந்தது.

அழகம்மாள் போர்த்தினார்.

"டாக்டரய்யா, என் ரிசல்ட்டு..."

"கேமராவப் பாருங்கம்மா."

"கால் புண்ணு ஆற மாட்டேங்குதுங்க."

"சந்தோஷம், ரொம்ப சந்தோஷம். அடுத்தவங்க வாங்க."

செந்தமிழன் மைக்கைப் பிடித்தார். "கிராமத்துத் தாய்மார்களே தேடி வந்து வாழ்த்துகிறார்கள் என்றால், டாக்டரின் தொண்டுக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்?" பலத்த கைதட்டல். அழகம்மாளிடம் ஒரு லட்டுப் பெட்டியைக் கொடுத்துக் கீழே இறக்கிவிட்டார்கள். சர்க்கரை நோய் விழாவில் லட்டா என்று கேட்கும் அற்பர்களுக்காகச் சொல்கிறேன், சுத்தமான நெய்யில் செய்தது.

அவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். என் கையில் கட்டுரையின் பிரதி இருந்தது.

"எம்பேரு இதுல இருக்கா தம்பி?"

"பேரு போட மாட்டோம்மா. நம்பர்தான். நீங்க நாப்பத்தி மூணு."

"என்ன போட்டுருக்கு?"

பன்னிரண்டாம் அட்டவணையைப் பிரித்தேன். முதல் ரத்தத்திலேயே சர்க்கரை முந்நூற்று எண்பது. படித்துச் சொன்னேன். பக்கத்துக் கட்டத்தில், 'சிகிச்சைக்கு வரவில்லை. காரணம்: அலட்சியம்.' பழக்கதோஷத்தில் அதையும் படித்துவிட்டேன்.

அழகம்மாள் தம் காலைப் பார்த்தார். பிறகு லட்டுப் பெட்டியை என் மடியில் வைத்தார்.

"நாலு தடவ வந்தேன், இன்னிக்கோட அஞ்சு. முந்நூத்தி எம்பதுன்னு ஒன்றரை வருஷமா உங்களுக்குத் தெரியும். அலட்சியம்னு சரியாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. ஆளத்தான் மாத்திப் போட்டுட்டீங்க. பெரியாஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு போவும்?"

சொன்னேன். போய்விட்டார்.

நூறு கட்டுரைகளில் அது ஒன்றுதான் பிழை. அதன் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று இருப்பது என் கையெழுத்து.